உதவியா, உதறலா?

"அவர் மாதிரி ஒரு மனுஷரைப் பார்க்கவே முடியாது சார். ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் போட்டாலும் வந்து நிற்பார்." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கள் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்படி ஒருவரைக் கை காட்டுவார்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் நன்றாக இருக்கட்டும். நான் இன்றைக்குச் சண்டை பிடிக்கப்போவது, ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் போன் போடாமலே வந்து நிற்கிறாரே, அவரோடு. இன்னும் சரியாகச் சொன்னால், அவரைத் தியாகி, தெய்வம் என்று சொல்லிச் சொல்லியே தூங்கவிடாமல் வைத்திருக்கிற நம் எல்லோரோடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்காமல் செய்கிற, நிறுத்த முடியாமல் செய்கிற, "இப்போது முடியாது" என்று சொல்லத் தெரியாமல் செய்கிற உதவிக்கும் கருணைக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். அது பெரும்பாலும் பயம். உள்ளே உதறல் எடுக்கிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எதிரே யார் அகப்பட்டாலும் அவருக்கு ஓர் உதவி நடந்துவிடுகிறது. உதவி வாங்கியவருக்கு அது தேவைப்பட்டதா என்பது அப்புறம். செய்தவருக்குத்தான் அது உடனடியாகத் தேவைப்பட்டது.

இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று தெரியும். "உதவி செய்கிறவனே குறைந்துபோன காலத்தில் இவர் வேறு வந்துவிட்டார்" என்பார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் முப்பத்து நாலு வருஷம் மெயின்டெனன்ஸில் வேலை பார்த்தவன். எங்கள் வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. ஓடுகிற மெஷினைக் கழட்டாதே. புதிதாக வருகிற பையன்களுக்கு இது லேசில் ஏறாது. மெஷினில் லேசாக ஒரு சத்தம் கேட்டால் போதும், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடுவான். சத்தம் மெஷினில் இருக்கிறதா, தன் மனசில் இருக்கிறதா என்று பார்க்க மாட்டான். கழட்டி, துடைத்து, திரும்ப மாட்டுவான். மறுநாள் மெஷின் நிஜமாகவே நின்றுபோகும். இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1978-ல் நோலன், ஹீப் என்று அமெரிக்காவின் யுனைடெட் விமானக் கம்பெனியைச் சேர்ந்த இரண்டு பேர் ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானத்தின் பாகங்களைக் கெடு வைத்துக் கழட்டி ஓவர்ஹால் செய்தால் அவை நீடித்து உழைக்கும் என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான பாகங்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, சிலவற்றில் கழட்டி மாட்டிய பிறகுதான் கோளாறே தலைகாட்டுகிறது என்று அந்த அறிக்கை காட்டியது. இன்றைக்கு உலகம் முழுக்க விமானப் பராமரிப்பு அதை ஒட்டித்தான் நடக்கிறது. இரும்புக்கே இந்தக் கதி என்றால், மனுஷர்களைப் போய் சும்மா சும்மா கழட்டிப் பார்க்கலாமா?

எங்கள் பக்கத்தில் இந்த ரகம் கண்ணில் நிறையப் படுவதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். 1955-ல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல். ஆவடியில் டாங்க் ஃபாக்டரியும் அதே அறுபதுகளில். இவற்றையும் சுற்றியுள்ள கம்பெனிகளையும் நம்பி வீடு கட்டிக் குடியேறிய தலைமுறை நாங்கள். சங்கு ஊதினால் ஓடிப் பழகிய கால்கள். ஒருநாள் மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். பையன் பெங்களூரில், பெண் டல்லாஸில். காலை ஆறு மணிக்கு முழிப்பு வருகிறது, போவதற்கு இடமில்லை. அந்த வெறுமையை உட்கார்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. உடனே தெருவில் யாருக்கு ஈ.பி. பில் கட்ட வேண்டும், யார் வீட்டு மோட்டார் ரிப்பேர், யாருடைய பிள்ளைக்கு ஜாதகம் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிடுகிறோம். பென்ஷன்காரரின் பரோபகாரத்தில் பாதி இந்தக் காலை ஆறு மணிப் பயம்தான். ஊர் இதற்கு "ஆக்டிவா இருக்கார்" என்று பெயர் வைத்திருக்கிறது.

இதன் உள்வேலை எப்படி என்று பாருங்கள். கேஸை மூடினோமா என்று நாலு தடவை அடுக்களைக்குப் போய்ப் பார்ப்பவர் உண்டு. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பவர் உண்டு. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் மனசு கொஞ்சம் அடங்குகிறது. அடங்குகிற அந்தச் சுகத்தாலேயே பழக்கம் முற்றுகிறது. "பார்த்தால்தான் அடங்கும்" என்று மனசு பாடம் படித்துக்கொள்கிறது. பார்க்காமல் இருந்தாலும் அது அரைமணியில் தானாக அடங்கியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க நாம் வாய்ப்பே கொடுப்பதில்லை. ஓயாமல் உதவுவதும் இதே கணக்குதான். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கிறது, நெஞ்சு படபடக்கிறது, போய் நடுவில் நிற்கிறோம், படபடப்பு குறைகிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் போகிறோம். பூட்டை இழுப்பவரை டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். இவருக்கு மட்டும் நலச்சங்கத்தில் செயலாளர் பதவி கொடுக்கிறோம்.

இது மேல்நாட்டில் புதிதாகக் கிளம்பிய ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் ஆனா ஃபிராய்ட் 1936-லேயே, மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகளைப் பற்றிய தன் புத்தகத்தில் இதைத் தொட்டிருக்கிறார். தன் ஆசைகளைத் தனக்கென்று கேட்க அஞ்சி, அவற்றை அடுத்தவருக்காக ஓடியாடி நிறைவேற்றித் தருவதிலேயே வாழ்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். 1977-ல் மியூனிக்கைச் சேர்ந்த ஷ்மிட்பாவர் என்ற மனநல நிபுணர், டாக்டர், நர்ஸ், வாத்தியார், சமூக சேவகர் என்று உதவுவதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உதவியற்ற உதவியாளர்கள் என்று தலைப்பு. தன் பலவீனத்தைக் காட்டவும் பிறரிடம் கை நீட்டவும் முடியாதவர், எப்போதும் கொடுக்கிற இடத்திலேயே நின்றுகொள்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். கொடுக்கிற இடம் பத்திரமான இடம். அங்கே நிற்பவரை யாரும் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதில்லை.

நம் வீடுகளில் இது எங்கே ஆரம்பிக்கிறது? குடிகார அப்பா இருக்கிற வீட்டில் மூத்த பெண்ணைப் பாருங்கள். கேட் திறக்கிற சத்தத்தை வைத்தே அப்பா இன்று எந்த நிலையில் வருகிறார் என்று எட்டு வயதில் சொல்லிவிடும். தம்பியை உள் அறைக்குத் தள்ளும். தட்டில் சோறு எடுத்து வைக்கும். அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அதற்கு அது உதவி இல்லை, உயிர்காப்பு. அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதாகும்போது அப்பா போய்ச் சேர்ந்திருப்பார். கேட் சத்தம் மட்டும் காதில் இருந்துகொண்டே இருக்கும். ஆபீஸில் மேலதிகாரி முகம் சுருங்கினால் அவர் வேலையையும் எடுத்துச் செய்வாள். நாத்தனார் பெருமூச்சு விட்டால் வளையலைக் கழற்றிக் கொடுப்பாள். நாம் என்ன சொல்கிறோம்? "எவ்வளவு பொறுப்பான பொண்ணு!"

இந்தப் பொறுப்பான பொண்ணை நாம் சினிமாவிலும் கொண்டாடியிருக்கிறோம். 1962-ல் ஸ்ரீதர் எடுத்த 'சுமைதாங்கி'யில் ஜெமினி கணேசன் குடும்பத்துக்காகத் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுப்பார். 1974-ல் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யில் சுஜாதா. அப்பா சந்நியாசம் போய்விட்டார், அண்ணன் குடிக்கிறான், சம்பளம் இவளுடையது. கைக்குட்டை நனைய நனையப் பார்த்தோம். பாலசந்தர் சும்மா அழவைக்கவில்லை. ஒருத்தி சுமக்க இருக்கிறாள் என்றால் மற்றவர்கள் எழுந்திருப்பதே இல்லை என்பதும் அந்தப் படத்தில் இருந்தது. அதை நாம் தியேட்டரிலேயே விட்டுவிட்டு, அவளுடைய பொறுமையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து நம் பெண்களிடம் கொடுத்தோம்.

குடி என்று வந்துவிட்டதால் சென்னையிலேயே இருக்கிற ஓர் உதாரணத்தைச் சொல்ல வேண்டும். 1980-ல் சாந்தி ரங்கநாதன் குடிநோய்க்குச் சிகிச்சை தருவதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவருடைய கணவர் டி.டி. ரங்கநாதன் குடியால் இறந்தவர். அவர் பெயரிலேயே அமைப்பு. அடையாறு இந்திரா நகரில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியை நிறையப் பேருக்குத் தெரியும். அங்கே குடிக்கிறவருக்கு மட்டும் சிகிச்சை இல்லை, குடும்பத்தாருக்கும் தனியாக உண்டு. குடிக்காத மனைவிக்கு எதற்குச் சிகிச்சை என்று கேட்கலாம். கம்பெனிக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்வது யார்? கடன்காரனுக்குப் பதில் சொல்வது யார்? வாந்தியைக் கழுவிவிட்டுக் காலையில் காப்பி கொடுப்பது யார்? குடியின் விளைவு குடித்தவரை வந்து சேராதபடி ஒவ்வொன்றையும் வழியிலேயே தடுத்து வாங்கிக்கொள்வது அந்த அம்மாதான். அன்பால் செய்கிறாள், சந்தேகமில்லை. இன்று ராத்திரி ரகளை இல்லாமல் போக வேண்டுமே என்ற பயத்தாலும் செய்கிறாள். அதனால் அவர் குடி இன்னும் வசதியாகத் தொடர்கிறது. தப்பு அவளுடையது என்று நான் சொல்லவே இல்லை. அவளும் நோயின் பிடியில் இருக்கிறாள், அவளையும் மீட்க வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் குடிகாரர்களின் வீட்டாருக்காகவே அல்-அனான் என்ற அமைப்பு 1951-லேயே உருவானதற்குக் காரணமும் இதுதான்.

மனநோயிலும் இப்படியே. 1976-ல் லண்டனில் வாஹன், லெஃப் என்ற இருவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். குறை சொல்லித் திட்டுகிற வீடுகளுக்குப் போனவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. இது யாரும் ஊகிக்கக்கூடியதுதான். கூடவே இன்னொரு விதமான வீட்டையும் அவர்கள் அதே கணக்கில் சேர்த்திருந்தார்கள். அளவுக்கு மீறித் தலையிட்டு, தாங்கித் தாங்கி, மூச்சுவிடாமல் பார்த்துக்கொள்கிற வீடு. திட்டுகிற வாயையும் ஊட்டிக்கொண்டே இருக்கிற கையையும் ஒரே அட்டவணையில் வைத்தார்கள் என்பதை நம் அம்மாக்களும் அப்பாக்களும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

வீட்டை விட்டு வெளியே வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி போய் இறங்கியது. மீனவர்கள் அடுத்தவர் உடுத்திக் கழித்ததை வாங்கக் கூசினார்கள். துணி ரோட்டோரம் குவிந்து கிடந்தது. அதைப் பொறுக்கிப் பிரித்து வேறு உபயோகத்துக்குக் கொண்டுபோவதே கூஞ்ஜ் போன்ற அமைப்புகளுக்குத் தனி வேலையாகிப் போனது. அனுப்பியவர்கள் கெட்டவர்களா? இல்லை. டிவியில் அலையைப் பார்த்தார்கள், நெஞ்சு பதைத்தது, ஏதாவது செய்தாக வேண்டும். பீரோவைத் திறந்தார்கள். மூட்டை கட்டியதும் பதைப்பு அடங்கியது. வேலை முடிந்தது. அங்கே என்ன வேண்டும் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் பதைப்பு இன்னும் இரண்டு நாள் நீடித்திருக்கும். அதைத் தாங்க முடியவில்லை.

2015 டிசம்பரில் எங்கள் பூந்தமல்லிக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட அந்த ராத்திரியை யாரும் மறக்க முடியாது. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளை நினைத்துப் பாருங்கள். "இந்த முகவரியில் கர்ப்பிணி சிக்கியிருக்கிறார், உடனே பகிரவும்." அவரை மீட்டு ஒரு நாள் ஆன பிறகும் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே கதை. அனுப்பியவருக்குக் கட்டைவிரலால் ஒரு நிம்மதி. களத்தில் நின்றவருக்கு வீண் அலைச்சல். 1957-ல் ஃபிரிட்ஸ், மாத்யூசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பேரிடர் நடந்த இடத்தை நோக்கிக் கூட்டம் ஏன் குவிகிறது என்று ஆராய்ந்து, வருகிறவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். வீடு திரும்புகிறவர்கள், கவலைப்படுகிறவர்கள், உதவ வருகிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள், சுருட்டிக்கொண்டு போகிறவர்கள். பெரியவர்கள் பிரித்தது சரியாகத்தான் இருக்கும். ஆனால் கவலைப்படுகிறவரும் உதவ வருகிறவரும் பல சமயம் ஒரே ஆள்தான் என்பது என் வாதம்.

சரி, இப்போது எதிர்க்கட்சிக்காரருக்கு வருகிறேன். "மனசில் என்ன இருந்தால் என்ன? சோறு போய்ச் சேர்ந்ததா இல்லையா? பயத்தில் செய்தாலும் புண்ணியம் புண்ணியம்தானே?" நல்ல கேள்வி. சோறு தேவைப்பட்டவருக்குச் சேர்ந்திருந்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. பயந்தவர் போட்ட சோறும் பசியாற்றும். என் புகார் வேறு. பயத்தால் செய்கிறவர் எதிரே இருப்பவரின் தேவையைப் பார்ப்பதில்லை. தன் பதைப்பைத்தான் பார்க்கிறார். அதனால் எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது விலகுவது, எதுவும் அவருக்குத் தெரியாது. அதே 2015-ல் படகோடு வந்த மீனவர்களைப் பாருங்கள். தண்ணீரும் படகும் அவர்களுக்குத் தெரிந்த தொழில். ஆள் வேண்டியிருந்தது, வந்தார்கள். இறக்கிவிட வேண்டிய இடத்தில் இறக்கினார்கள். தண்ணீர் வடிந்ததும் கடலுக்குப் போய்விட்டார்கள். மறுவாரம் வந்து நம் வீட்டு அடுக்களையைச் சீர்படுத்தவில்லை. உதவி என்றால் அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும்.

வள்ளுவர் இதை நமக்கு அதிகாரத் தலைப்பிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டாம் அதிகாரத்துக்குப் பெயர் ஒப்புரவறிதல். ஒப்புரவு என்று நிறுத்தாமல் அறிதலைச் சேர்த்திருக்கிறது பாருங்கள். உதவுவது மட்டும் போதாது, அறிந்து உதவ வேண்டும். நாம் அந்த அறிதலை வெட்டிவிட்டோம். ஓடுகிறவனுக்கெல்லாம் மாலை போடுகிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டர் பட்டம் வேண்டாம். மூன்று கேள்வி போதும். ஒன்று, கேட்டார்களா? இரண்டு, நான் இதைச் செய்யாமல் அரைமணி சும்மா உட்கார்ந்தால் யாருக்குக் கஷ்டம், அவருக்கா, எனக்கா? மூன்று, "வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னால் எனக்கு நிம்மதி வருகிறதா, கோபம் வருகிறதா? கோபம் வந்தால், "இவ்வளவு செய்தேனே, ஒரு வார்த்தை சொன்னானா" என்று மனசுக்குள் கணக்கு நோட்டு விரிந்தால், அது உதவியே இல்லை. வட்டிக்கு விட்ட பணம்.

கண்டுபிடித்த பிறகு உதவுவதையே நிறுத்த வேண்டுமா? வேண்டாம். தள்ளிப்போட வேண்டும். கை நீளும்போது பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும். பிறகு "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டும். பதில் "ஒன்றும் வேண்டாம்" என்று வந்தால் அதை நம்ப வேண்டும். படபடப்பு வரும், வந்துவிட்டுப் போகட்டும். அது போகிறது என்று நாலு தடவை பார்த்துவிட்டால் மனசு புதிய பாடம் படிக்கும். அதுவும் முடியவில்லை, தூக்கமே போய்விட்டது என்றால், அரசாங்கம் 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. 14416. தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. ஊர் முழுக்கப் பேருக்குப் போன் போட்டு நலம் விசாரிக்கிறவர் தனக்காக ஒரு போன் போடலாம்.

பழைய பெருவழிகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டது. இரண்டு கல் நின்று, மேலே ஒரு கல் படுத்திருக்கும். வழிப்போக்கன் தலைச்சுமையை அதில் இறக்கி வைப்பான், மூச்சு வாங்குவான், மறுபடி தானே தூக்கிக்கொண்டு போவான். கல் அவன் பின்னாலேயே ஓடி, "குடு, நான் தூக்குகிறேன்" என்று பிடுங்குவதில்லை. கூப்பிட்ட நேரத்துக்கு இருக்கும், அவ்வளவுதான். அவனுக்கும் அது போதும்.

கடைசியாக, இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு. உங்கள் அம்மாவோ அக்காவோ அண்ணனோ மாமனாரோ, யாராக இருந்தாலும், தியாகி என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். அவருடைய பயத்தில் நீங்கள் சௌகரியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இன்றைக்கு ராத்திரி உங்கள் தட்டை நீங்களே கழுவி வைத்துவிட்டு, அவரை உட்காரச் சொல்லி, "நீங்க சரியாத் தூங்கி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். அவர் எழுந்திருக்கப் பார்ப்பார், விடாதீர்கள். பதில் வர நேரமாகும்.